சாம்பிள் சாரின் சாவி

அந்த ஊரில் பார், ஓட்டல், கிளப் என்று எங்கே நுழைந்தாலும் ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். சரி, பெருங்குடிகாரர் போலிருக்கிறது என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை. இருமல் மருந்தில்கூட ஏதோ கலக்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து, இருமிக்கொண்டே கிடப்பாரே தவிர மருந்தைத் தொட மாட்டார். அப்பேர்ப்பட்டவரிடம்தான் சாவியைப் பிடுங்குவார்கள். வருஷக்கணக்கில் இது அவருக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது. ஒரு சாயங்காலம் மட்டும் அந்தச் சாவி அவருக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. மகளும் பேத்தியும் உயிரோடு வீடு போய்ச் சேருவது அதில்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் ஆளைத் தெரியாமல் கதை மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? முதலில் ஆளைப் பார்ப்போம்.

நாற்காலி வாடகைக்கு விடுவது அவர் தொழில். மடக்கு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய மனிதர்களுக்கென்று சிவப்பு மெத்தை தைத்த நாற்காலி எல்லாம் வைத்திருந்தார். தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் சாத்திக்கொள்கிற கதவோடு ஒரு பழைய வேன். விருந்து தொடங்குவதற்கு முன்னால் நாற்காலிகளை இறக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவார். எல்லாம் முடிந்து பந்தல் விளக்கை அணைக்கிற நேரத்துக்குத் திரும்பிப் போய் அள்ளிக்கொண்டு வருவார். தொழில் அவ்வளவுதான். ஆனால் அள்ளுவது இருக்கிறதே, அது லேசுப்பட்ட காரியமில்லை. எந்த விருந்தானாலும் கடைசியில் நாலைந்து நாற்காலிகளில் ஆள் இருக்கும். இறங்க மாட்டார்கள். ஒருவர் நாற்காலியைக் கட்டிக்கொண்டு, இது என் கூடப்பிறந்த தம்பி, இவனை எங்கே கூட்டிப் போகிறாய் என்று அழுவார். இன்னொருவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டு, உன்னை மாதிரி நல்லவனைப் பார்த்ததே இல்லை என்பார். மறுநிமிஷமே, திருட்டுப் பயலே என் வாட்ச் எங்கே என்று சட்டையைப் பிடிப்பார். இந்த ஜென்மங்களிடமிருந்து ஒரு கீறல் விழாமல் நாற்காலியை உருவி எடுப்பதில் நாற்காலிக்காரர் கெட்டிக்காரர்.

இப்படி இருக்கையில், ஊற்றிக் கொடுக்கிற கைக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறவனை நடுரோட்டில் தேடிப் பிடிப்பதைவிட மேஜையிலேயே பிடித்துவிடலாமே என்று. இனிமேல் மது பரிமாறுகிற ஒவ்வொருவரும் ஒரு பயிற்சிக்கு வந்து பாஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடத்தைப் பிடித்தார்கள். இஸ்திரி மேஜை ஒன்றுதான் பார் கவுண்டர். பாட்டில்களில் பால் விடாத டீ. நடத்துவதற்கு ஓர் அம்மாள் வந்தார். போக்குவரத்துப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் விசில் போகவில்லை, கழுத்திலேயே தொங்கும். பதில் தப்பாகச் சொன்னால் ஊதிவிடுவார். அதனால் விசிலம்மா.

விசிலம்மாவின் பாடம் நல்ல பாடம்தான், குறை சொல்லக் கூடாது. வாடிக்கையாளர் நடையைப் பார், பேச்சைப் பார். சந்தேகம் வந்தால் ஊற்றுவதைத் தாமதப்படுத்து, தண்ணீரைக் கொண்டுபோய் வை, சாப்பிட ஏதாவது கொடு. சண்டை போடாதே, அவமானப்படுத்தாதே. சாவியை மரியாதையாகக் கேட்டு வாங்கி வை. கூட வந்தவர்களில் நிதானமாக இருப்பவர் கையில் ஆளை ஒப்படை. அப்படி யாரும் இல்லையா, டாக்சி கூப்பிடு. இதையெல்லாம் பரிமாறுகிறவர்கள் ஒப்பிக்கப் பழகிவிட்டார்கள். ஆனால் பழகிப் பார்க்க ஒரு குடிகாரர் வேண்டுமே?

நிஜக் குடிகாரர் ஒருவரையே கூட்டி வருவது என்று முடிவாயிற்று. அந்த வட்டாரத்தில் குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் அதில் பெரிய பேர் வாங்கியவர். அவரிடம் சொல்லி வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து மனிதர் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அரசாங்க வகுப்புக்கு எப்படிங்க குடிச்சிட்டு வர்றது என்று கேட்டார். முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணும் கருத்துமாகப் பாடம் கேட்டு, பரீட்சையும் எழுதி, முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை அங்கேயே வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். இஸ்திரி மேஜைக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டார். தூங்குகிறவரை வைத்து என்ன பாடம் நடத்துவது?

வேறு வழியில்லாமல் அலுவலக எழுத்தரையே குடிகாரராக நடிக்கச் சொன்னார்கள். அவர் நடந்து காட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நம் ஆள் நாற்காலி இறக்க வந்தார். பார்த்தார். சிரிப்பை அடக்கினார், முடியவில்லை. விசில் பறந்தது. என்ன சிரிப்பு என்று அம்மாள் கேட்க, இவர் காலில் முள் குத்தியவர் மாதிரி நடக்கிறாரே தவிர குடித்தவர் மாதிரி நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து, அதையே கட்டிக்கொண்டு, தம்பி என்று ஒரு குரல் எடுத்தார் பாருங்கள். கூடமே ஆடிப்போய்விட்டது. கால் ஒரு பக்கம் போகிறது, தலை ஒரு பக்கம் போகிறது, கண் இரண்டும் வேறு யாரையோ பார்க்கிறது. வாந்தி வருகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினார். முன் வரிசை எழுந்து ஓடியேவிட்டது. விசிலம்மாவுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. இவர்தான் இனி நமக்கு சாம்பிள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அன்று முதல் ஊரில் உள்ள பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவர் சாம்பிள் சார்.

பாடத்தில் அவர் சேர்த்த சங்கதிகளும் உண்டு. அதில் முக்கியமானது இது. யார் வந்து நான் குடிக்கவே இல்லை என்று அடித்துச் சொல்கிறாரோ அவர்தான் முழுப் போதை, கேள்வியே கேட்காமல் சாவியை வாங்கு. இதைச் சொல்லும்போது கூடம் கொல்லென்று சிரிக்கும். இது போதாதென்று விசிலம்மா அவரை ரகசியப் பரீட்சைக்கும் அனுப்பினார். திடீரென்று ஒரு பாருக்குள் நுழைந்து சாம்பிள் தன் வேலையைக் காட்ட வேண்டும். சாவியை வாங்கத் தவறிய பணியாளுக்கு வேலை போகும். இரண்டு மூன்று பேருக்குப் போயும்விட்டது. அதற்கப்புறம் யார் துணிவார்கள்? அவர் தலை வாசலில் தெரிந்தாலே கை தானாக நீளும், சாவி சார் என்று.

எலுமிச்சை ஜூஸ் கேட்டால் தண்ணீர் வரும். மோர் கேட்டாலும் தண்ணீர் வரும். ஒருமுறை பல் பிடுங்கப் போனார். ஊசி போட்டு ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய், வாய் கோணி, எச்சில் வழிய வெளியே வந்து ரசீது கேட்டிருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் முன்பு பாரில் வேலை பார்த்தவளாம். அவர் வாய் குழறியதுதான் தாமதம், மேஜை மேல் இருந்த வேன் சாவியை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், மரத்துப்போன வாயால் சொன்னால் எது எடுபடும்? வெயிலில் நடந்தே வீடு வந்தார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். குடிக்கிறவன் பொண்டாட்டிக்குக் கூட ராத்திரிதான் மானம் போகும், எனக்குப் பட்டப்பகல்லயே போகுது என்று சொன்னாள். அவரோ வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். பிள்ளைகள் பாடத்தை எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்கள் பார் என்று அவருக்கு உள்ளூரப் பூரிப்பு.

ஒரே மகள். பைபாஸ் சாலைக்கு அந்தப் பக்கம் புதுக் குடியிருப்பில் இருந்தாள். பேத்தி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். மாப்பிள்ளை பம்பு செட் கம்பெனியில் விற்பனை மேலாளர். குரல் உயராத மனிதர். மாமனார் வந்தால் எழுந்து நிற்பார், போனால் வாசல்வரை வருவார். நாற்காலிக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை புராணம்தான். தன் மகள் முகம் கொஞ்ச நாளாக வாடியிருந்ததை அவர் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் போதாது என்று அவராகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வந்தது. எல்லோரும் ஏரிக்கரை ஓட்டலில் சாப்பிடலாம் என்று அவரே அழைத்தார். மாப்பிள்ளை, மகள், பேத்தி மூவரும் புதுக் காரில் வந்தார்கள். நாற்காலிக்காரரும் மனைவியும் வேனில் போய் இறங்கினார்கள். இறங்கினதும் வாசலில் நின்றிருந்த பெண், வணக்கம் சாம்பிள் சார், சாவி என்று கை நீட்டினாள். பாப் வெட்டிய முடி, நிமிர்ந்த நடை, அந்த வருஷம் பயிற்சியில் முதலாவதாக வந்தவள். அங்கே பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. வழக்கம்போல அவரும் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டார். கொடுத்தால்தான் என்ன, போகும்போது டாக்சியில் போவது, காலையில் வந்து வேனை எடுப்பது, இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

உள்ளே நடக்கையில் மகள் பக்கத்தில் வந்தாள். திரும்பிப் போகையில் என்னையும் பாப்பாவையும் வேனிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அந்த லொடலொட வேனிலா, புதுக் காரை வைத்துக்கொண்டு உனக்கு என்ன கிறுக்கு என்று அவர் கேலி செய்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை, மாமா இப்படி உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பேச்சு அதோடு நின்றது.

சாப்பாடு நடந்தது. மாப்பிள்ளை ஒரு கோப்பை வாங்கினார், அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒன்று. சந்தோஷமான நாள், இருக்கட்டுமே என்று மாமனார் கண்டுகொள்ளவில்லை. முடி வெட்டிய பெண்ணோ கண்ணை இமைக்காமல் நாற்காலிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜூஸை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள், ரொட்டி கொண்டுவந்தாள், மறுபடியும் தண்ணீர் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை விரலை உயர்த்தும்போதெல்லாம் இவர் முகத்தைப் பார்த்தபடியே அங்கே ஊற்றிவிட்டுப் போனாள்.

கோப்பை ஏற ஏற மாப்பிள்ளையின் மரியாதையும் ஏறியது. மாமியாருக்கு உப்பை எடுத்துக் கொடுத்தவர், உப்பு ஜாடிக்கும் நன்றி சொன்னார். துடைக்கிற துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார். பிரித்துவிட்டு மறுபடி மடித்தார். பேத்தி கஞ்சியைத் தட்டிவிட்டாள். அவர் கோபப்படவே இல்லை, பரவாயில்லைங்க, நீங்க உட்காருங்க என்று அந்தப் பிஞ்சுக்குழந்தையிடம் சொன்னார். நாற்காலிக்காரருக்கு மனசு நிறைந்துபோயிற்று. பார்த்தாயா, பெற்ற பிள்ளைக்கே மரியாதை கொடுக்கிற மனிதர் என்று மனைவியின் காதைக் கடித்தார். மகள் தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தார்கள். மாப்பிள்ளை ஒரு நூல்கூடப் பிசகாமல் நேராக நடந்துபோய்க் காரைத் திறந்து, பேத்தியைப் பின் இருக்கையில் இடது பக்கம் குழந்தை நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டினார். மகள் ஓட்டல் வாசலிலேயே அப்பாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பா, அவர் ஓட்டக் கூடாதுப்பா. நிறைய குடிச்சிருக்கார்."

"நல்லா நிதானமாத்தானேம்மா இருக்கார்?"

"குடிச்சா இப்படித்தான் இருப்பார். போன மாசம் நின்னுட்டிருந்த லாரில உரசிட்டு, இறங்கிப் போய் லாரிகிட்ட மன்னிப்பு கேட்டார். பாப்பா பின்னாடி தூங்கிட்டிருந்தா."

அவர் திரும்பிக் காரைப் பார்த்தார். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. தள்ளாடுறாரா, கத்துறாரான்னு கேட்டீங்க. இல்லேன்னேன். அப்ப அது குடியே இல்லம்மா, உங்கப்பனுக்குத் தெரியாதான்னு சிரிச்சீங்க. நீங்களே சொல்லிட்டீங்களேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. சிரித்ததும் ஞாபகம் வந்தது. அதை நினைத்து நொந்துகொண்டு நிற்க நேரமில்லை. ஓடிப்போய் முடி வெட்டிய பெண்ணிடம் சாவியைக் கேட்டார், மகளையும் பேத்தியையும் தானே கொண்டுபோய் விட வேண்டும் என்றார். பதற்றத்தில் படியில் கால் இடறியது, வார்த்தை வாயிலேயே குழறியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ரகசியப் பரீட்சை வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. உள்ளே பார்த்து ஒரு சைகை காட்டினாள். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் தட்டுகளை வைத்துவிட்டு வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கு சார். நீங்க கொஞ்சம் உட்காருங்க, தண்ணி குடிங்க."

"அம்மாடி, நான் குடிக்கவே இல்லம்மா."

இதைச் சொன்னதும்தான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். என் மாப்பிள்ளைதான் குடித்திருக்கிறார், அவரிடம் சாவியை வாங்குங்கள் என்று கெஞ்சினார். அதோ அந்தக் காரில் குழந்தை இருக்கிறது என்றார். நான் சொல்லிக் கொடுத்த பாடமே தப்பு, எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்றுகூடச் சொன்னார். பரீட்சை இந்தத் தடவை ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதே என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். மகள் முன்னால் வந்து, எங்கப்பா சொல்வது நிஜம், அவர் நடிக்கவில்லை என்று சொன்னாள். குடும்பத்தையே நடிக்கக் கூட்டி வந்திருக்கிறார் என்று அதற்கும் அவர்கள் வியந்தார்கள். கோபம் வருகிறதா உங்களுக்கு? எனக்கும்தான் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக் கொடுத்தவர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையே அங்கே வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கைகூப்பினார்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும். மாமாவை நான் பத்திரமா வீட்டுல விட்டுடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

கூட வந்தவர்களில் நிதானமாக இருப்பவர் கையில் ஆளை ஒப்படை. பாடம் அதுதானே? முடி வெட்டிய பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ரொம்ப நன்றி சார், உங்களை மாதிரி ஒருத்தர் கூட இருப்பது பெரிய விஷயம் என்றாள். இரண்டு தடியன்கள் ஆளுக்கொரு கையாக நாற்காலிக்காரரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திமிறினார், கத்தினார், காலை உதைத்தார். அத்தனையும் பாடத்தில் உள்ளது. பின் இருக்கையில் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டையை இறுக்கி மாட்டி, மடியில் ஒரு தண்ணீர் பாட்டிலையும் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவர் மனைவி என்ன நடக்கிறதென்றே புரியாமல் கைப்பையோடு பின்னாலேயே ஓடி வந்தாள். மகள் முன் கண்ணாடியில் அடித்தாள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பி, இண்டிகேட்டரைப் போட்டு, பின்னால் எடுத்தார். பரிமாறுகிறவர்கள் கை அசைத்து வழியனுப்பினார்கள்.

குடிக்காதவன் பின்னால் கட்டிக் கிடக்கிறான், குடித்தவன் ஓட்டுகிறான், பக்கத்தில் குழந்தை தாத்தாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறது. கார் சாலைப் பக்கம் மூக்கைத் திருப்பியது. நாற்காலிக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாய் மட்டும்தான் மிச்சம். வயிற்றின் அடியிலிருந்து எடுத்தார் ஒரு ஓங்கரிப்பு. வகுப்பில் முன் வரிசையை ஓட வைத்த சத்தமெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. தலையை முன்னால் நீட்டி, மாப்பிள்ளையின் காதோரமாகவே வைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார்.

பிரேக் கிறீச்சிட்டது. புது வண்டி அல்லவா, இருக்கை உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை இறங்கி வந்து கதவைத் திறந்து, "சங்கடப்படாதீங்க மாமா, வெளியே எடுத்துட்டு வாங்க, நான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். நாற்காலிக்காரர் தன் பட்டையையும் பேத்தியின் பட்டையையும் பிய்க்காத குறையாகக் கழற்றி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையோரமாக ஓடினார். மகள் ஓடினாள். மனைவி ஓடினாள். அவர்களுக்குப் பின்னால் முடி வெட்டிய பெண், சார், இந்த நிலைமையில் குழந்தையைத் தூக்காதீங்க என்று கத்திக்கொண்டே ஓடினாள். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது, மாப்பிள்ளை இவர்கள் போன திசையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, தனியாகக் காரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். தடுக்க அங்கே யாரும் இல்லை. முடி வெட்டிய பெண்ணே டாக்சியைக் கூப்பிட்டு, சாம்பிள் சாரைப் பின்னால் ஏற்றி, டிரைவரிடம் ஜாக்கிரதை சொல்லி அனுப்பினாள். போகிற வழியெல்லாம் அவர் போலீசுக்கு போன் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். நீங்க யார் என்று கேட்டார்கள். பேரைச் சொன்னதும், ஓ சாம்பிள் சாரா, வணக்கம் சார் என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை பைபாஸ் ரவுண்டானாவில் இருந்த கல் தூணில் போய் மோதினார். இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, சரியான வேகத்தில், நேராகத் தூணைப் பார்த்து. தோள்பட்டை எலும்பு உடைந்ததைத் தவிர அவருக்கு வேறு ஒன்றுமில்லை. தூக்க வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாராம். மறுநாள் நாற்காலிக்காரர் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த காரைப் பார்க்கப் போனார். முன் பக்கம் அவ்வளவாக ஒன்றுமில்லை. கடைசி நொடியில் பிரேக் போட்டதில் வண்டி சுழன்று இடது பக்கம் அடிபட்டிருக்கிறது. பின்கதவு உள்ளே போய், குழந்தை நாற்காலி இருந்த இடத்தில் இடமே இல்லை. அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காவலர் வந்து, சார் சாவி ஏதாவது வேணுமா என்று கேட்டார்.

மகளும் பேத்தியும் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து குடியை நிறுத்த வைக்கிற இடத்துக்குப் போனார், அங்கேயும் நல்ல பேர் வாங்கினார் என்று கேள்வி. மகள் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது அவரை இன்னும் அரித்தது. இத்தனை குடிகாரர்களைப் பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்து யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு விருந்தில் நாற்காலி அள்ளப் போனார். வழக்கம்போல நாலைந்து பேர் இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாற்காலிக்கு முத்தம் கொடுத்தார். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே கார்கள் நின்றிருந்த மைதானத்தைப் பார்த்தார். காலியாகக் கிடந்தது, டயர் தடம் மட்டும் இருந்தது. இத்தனை வருஷமும் தான் பார்த்ததெல்லாம் வண்டி ஓட்ட முடியாமல் தங்கிப்போனவர்களைத்தான் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அவர் வருவதற்கு முன்னாலேயே போயிருந்தார்கள். ஒருவரைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. கண்டிராத மனிதரைப் பிடிக்கத்தான் ஊருக்கே பாடம் நடத்தியிருக்கிறார்.

நேராக விசிலம்மாவிடம் போய்ச் சொன்னார். இன்னொரு மாதிரிக் குடிகாரரையும் காட்ட வேண்டும் என்றார். எல்லாம் கேட்டுவிட்டு அம்மாள், அதில் நடிக்க என்னய்யா இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருப்பதை எவன் பார்ப்பான் என்று கேட்டார். ஆனாலும் பழைய மாணவர்களை எல்லாம் திரும்ப வரவழைத்தார். ஏரிக்கரை ஓட்டல்காரர்கள் முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். விபத்துக்கு அப்புறம் அவர்கள் உரிமமே ஊசலாடிக்கொண்டிருந்தது.

சாம்பிள் சார் நுழைந்ததுமே சிரிப்புக்குத் தயாராக எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவர் இஸ்திரி மேஜை முன்னால் உட்கார்ந்தார். முதலில் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். விரலை உயர்த்தினார். முடி வெட்டிய பெண் டீயை ஊற்றினாள், அவர் நன்றி சொன்னார். குடித்தார். மறுபடி விரலை உயர்த்தினார், மறுபடி ஊற்றினாள். பக்கத்தில் இருந்தவரிடம் ரொம்ப மரியாதையாக உடம்பை விசாரித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். எப்போது ஆரம்பிப்பார் என்று பின்னால் கிசுகிசுத்தார்கள். நல்ல மனிதர், வயசாகிவிட்டது, பழைய தெம்பு இல்லை என்று ஒருவன் வருத்தப்பட்டான். கோப்பைகள் போய்க்கொண்டே இருந்தன. விசிலம்மாவுக்கே பொறுமை போய், ஆரம்பிங்க சார் என்று ஒரு ஊது ஊதினார்.

அவர் எழுந்தார். கோணாமல் நடந்து முடி வெட்டிய பெண்ணிடம் போய், "என் வண்டிச் சாவியைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கம்மா" என்று கேட்டார். அவள் விசிலம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இன்னும் நடிப்புத் தொடங்கவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. மேஜையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர் கைகூப்பி வாங்கிக்கொண்டு வாசல்வரை நடந்தார். அங்கே நின்று திரும்பினார். நிஜமான அழுகையை அடக்குவது நடிப்பைவிடக் கஷ்டம், அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

"நான் கிளம்பிட்டேம்மா. கார்ல என் பொண்ணும் பேத்தியும் உட்கார்ந்திருக்காங்க. நீங்க யாருமே என்னை நிறுத்தல."

அவர் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனார். கீழே டயர் கடை வாசலைத் தாண்டுவதற்குள் படியில் தடதடவென்று கூட்டமாக ஓடி வருகிற சத்தம் கேட்டது. அவர் நின்றார், சாவியைக் கையில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்.